பெங் பார்த்துவிட்ட கடைகள்

1997ஆம் ஆண்டு ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். கோலாலம்பூரில், மஸ்ஜித் இந்தியா சாலையை ஒட்டிய இந்தோனேசியப் பாடாங் சோற்றுக்கடையில் ஒரே ஒரு மேசைதான் காலியாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் மலாய்ப் பெண்ணான ரொக்கியாவும் எதிர்ப்பக்கத்தில் சீனப் பெண்ணான தியோ சியூ பெங்கும் அமர்ந்தார்கள். இருவரும் ஒரே காப்பீட்டு நிறுவனத்தின் வெவ்வேறு மாடிகளில் எழுத்தர்கள் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது. கடைக்காரர் பதினான்கு சிறு தட்டுகளை மேசையில் பரப்பிவிட்டுப் போனார். பெங் ஒவ்வொன்றாகக் கரண்டியை விட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாத்தையும் தொடாதே லா. தொட்ட தட்டுக்கெல்லாம் காசு," என்றார் ரொக்கியா.

"அவன் சொல்லவே இல்லையே."

"சொன்னா அவன் எப்படிப் பொழைப்பான்?"

தொட்ட தட்டுகள் ஒன்பதையும் இருவருமாகத் தின்று தீர்த்தார்கள். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் தொழுகைக்குச் செல்வதால் மதிய இடைவேளை இரண்டரை மணி நேரம் நீளும். அந்த நேரம் அலுவலகப் பெண்களுக்குச் சொந்தமானது. சில ஆண்டுகளில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் மலாய்க்காரர்கள். பர்மியரின் மீன்சாற்று நூடுல்ஸ், யேமன்காரரின் ஆட்டிறைச்சிச் சோறு, உய்குர் மக்கள் கையால் இழுத்துப் போடும் நூடுல்ஸ் என்று, நகருக்குப் பிழைக்க வந்த ஒவ்வோர் இனத்தாரின் கடையையும் தேடிப் பிடித்தவர் பெங்.

தேடிப் பிடித்தது மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை போகவிருக்கும் கடைக்குப் புதன்கிழமையே தனியாகச் சென்று ஒரு தட்டு வாங்கி உண்பார். கை கழுவும் சாக்கில் அடுக்களையை எட்டிப் பார்ப்பார். கோழி யாரிடம் வாங்குகிறார்கள், வாணலியில் பன்றிக்கொழுப்பு படுகிறதா, குழம்பில் மது ஊற்றுகிறார்களா என்று கேட்டறிவார். மறுநாள் அலுவலகத்தில் ஒரே சொல்தான்: "சாப்பிடலாம்." அந்தச் சொல்லை நம்பி ஒன்பது முஸ்லிம் பெண்கள் உண்டார்கள். பெங்குக்குப் பதவி உயர்வு இரண்டு முறை தவறியது. மணவாழ்க்கை நான்கே ஆண்டில் முடிந்தது. அவருக்கென்று வாய்த்த மதிப்பு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

2016ஆம் ஆண்டு அக்டோபரில், ஒரு புதன்கிழமை பல் பிடுங்கிக்கொண்டு பெங் வீட்டில் படுத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்கள் ஒரு திருமண விருந்துக்குச் சென்றுவிட, ரொக்கியாவும் பெங்கும் மட்டும் புறப்பட்டார்கள். புதிதாகத் திறந்திருந்த ஜப்பானியக் கடையின் வாசலில் ரொக்கியா நின்றார்.

"இதை நான் பாக்கல, ரொக்கியா. யேமன்காரர் கடைக்கே போவோம்."

"வாரா வாரம் ஆட்டெலும்பா? கதவுலயே எழுதியிருக்கே, பன்றி இல்ல, பன்றிக்கொழுப்பும் இல்லன்னு."

"பன்றி இல்லன்னா ஹலால்னு அர்த்தமா? உனக்குத் தெரியாததா?"

"நீ என்ன, எங்களுக்கு மார்க்கம் சொல்லித் தர்ற உஸ்தாஸா? பசிக்குது, வா லா."

ரொக்கியாதான் முதலில் உள்ளே நுழைந்தார். சாப்பிட்ட தட்டுகளைப் படமெடுத்து அலுவலகக் குழுவுக்கு அனுப்பியவரும் அவரே.

திங்கள்கிழமை காலை, ஹஜ் சென்று வந்தவரான, கணக்குப் பிரிவின் ஹாஜா மஸ்னா ரொக்கியாவின் மேசைக்கு வந்தார். ரொக்கியாவின் மகளை மஸ்னாவின் மகனுக்கு நிச்சயித்திருந்தது. திருமணத்துக்கு நான்கு வாரங்களே இருந்தன.

"அது அரிசி மது ஊத்திச் சமைக்கிற கடை. யாரு உன்னைக் கூட்டிட்டுப் போனது?"

ரொக்கியா தலை நிமிரவில்லை. "பாத்துட்டேன்னு பெங் சொன்னா. நான் நம்பிட்டேன்."

வெந்நீர்க் குழாயடியில் குவளையுடன் நின்றிருந்த பெங்கின் காதில் அது விழுந்தது. ரொக்கியா இப்போதே திருத்திச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தார். குவளை நிரம்பி வழிந்தது. மஸ்னா தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

மாலையில், மின்தூக்கிக்குள், ரொக்கியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் முடியட்டும், பெங். மஸ்னாகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும்."

"சொல்லு," என்றார் பெங்.

திருமணம் முடிந்தது. பெங்கை அழைத்திருந்தார்கள், ஓரத்து மேசையில் அமர்த்தினார்கள். ரொக்கியாவுக்கும் மஸ்னாவுக்கும் பேத்தி பிறந்தாள். ரொக்கியா ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஹலால் முத்திரை பெற்ற கடைகளுக்கு மட்டும் போகத் தொடங்கியது. பெங்கிடம் எங்கே போகலாம் என்று எவரும் கேட்கவில்லை. சீனப் புத்தாண்டுக்கு அவர் கொண்டுவந்து வைத்த ஆரஞ்சுப் பழங்கள் ஒரு வாரம் மேசையிலேயே வதங்கின.

"பெங் அக்கா, இந்தப் பழத்தையும் பாத்துட்டீங்களா?" என்று புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரொக்கியாவும் சிரித்தார்.

2019இல் பெங் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்தில் மஸ்னா பேசினார்: "பெங் வேலையில கெட்டிக்காரி. சாப்பாட்டு விஷயத்துல மட்டும் அவங்களை நம்பக் கூடாது." நல்லெண்ணத்தோடு சொன்ன வேடிக்கைதான் அது. கைதட்டலும் நல்லெண்ணத்தோடுதான் எழுந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து ரொக்கியாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மஸ்னாவின் உறவினர்கள் பத்துப் பேர் ஜொகூரிலிருந்து வருகிறார்கள். புதுவிதமான கடையாக வேண்டும்.

"முத்திரை ஒட்டின கடை ஆயிரம் இருக்கே," என்றார் பெங்.

"எந்தக் கடையில என்ன ஊத்துறாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி லா."

"மஸ்னாகிட்ட என்ன சொல்லுவே?"

"நானே தேடினேன்னு சொல்லிக்கிறேன்."

அந்தப் புதன்கிழமை பெங் இரண்டு பேருந்துகள் மாறிச் சென்று, தென்தாய்லாந்து முஸ்லிம் ஒருவரின் கடையில் தனியாக அமர்ந்து உண்டார். முழங்கால் வலியோடு அடுக்களைவரை நடந்து, கோழி வந்த பையைக்கூடப் பிரித்துக் காட்டச் சொன்னார். மாலையில் ரொக்கியாவை அழைத்து, "சாப்பிடலாம்," என்றார். அதன்பின் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அந்த அழைப்பு வந்தது. பெங்கும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தார். மஸ்னாவின் குடும்பத்தில் ரொக்கியாவுக்கு, நல்ல கடை தெரிந்தவர் என்ற பெயர் நிலைத்தது.

மின்தூக்கிக்குள் வாக்களிக்கப்பட்ட உண்மை அப்படியே பாக்கியாக இருந்தது. தொலைபேசியின் மறுமுனையில் ஒவ்வொரு முறையும் ரொக்கியாவே இருந்தும், பெங் அதை ஒருநாளும் கேட்கவில்லை.