பால் ஊற்றிய கிர்ணி

கிர்ணிப் பழம் ருசியாக இருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். சொல்வதற்கு வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். செஞ்சியில் வெயில் ஏறத் தொடங்கியதும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தள்ளுவண்டிகளில் அதைக் குவித்துவிடுவார்கள். ஊரைச் சுற்றி இருக்கிற பாறை மலைகள் பகலெல்லாம் காய்ந்து, விளக்கு வைத்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக்கு இதுதான் மருந்து என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் பையில் வைத்துக்கொண்டு ஏறினால் போதும், சிங்கவரம் போகிற பஸ் முழுக்க மணக்கும். மாம்பழமோ என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தால் இது உட்கார்ந்திருக்கும். அந்த மணத்துக்குத் தகுந்த ருசியாவது உண்டா என்றால் கிடையாது. வெள்ளரிக்காய்க்கு சென்ட் அடித்த மாதிரி இருக்கும். சர்க்கரை போடாமல் தொண்டையில் இறங்காது. போட்டாலோ சர்க்கரைதான் இனிக்கும், பேர் மட்டும் பழத்துக்குப் போகும்.

எங்கள் அம்மாவுக்கு இதன்மேல் அப்படி ஒரு பக்தி. காயாகக் கிடைத்தால் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பாள். பழுத்ததை ஸ்பூனால் சுரண்டி வெல்லம் தட்டிப் போட்டுக் கிண்ணத்தில் நீட்டுவாள். விதையையும் விடமாட்டாள். கழுவி மொட்டை மாடியில் காயவைத்து, டிவி பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்துத் தின்பாள். விருந்தாளி வந்தால் பால் ஊற்றிய கிர்ணி ஜூஸ். அதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஜூஸ்தான். பஜ்ஜி போடலாம் என்றேன்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்குடி எண்ணெய்ப் பலகாரம்? திண்டிவனத்துலேர்ந்து வேன்ல வெந்துக்கினு வருவாங்க. ஜில்லுனு குடுத்தா மனசு குளிர்ந்துடும்" என்றாள்.

அந்த மனசு குளிர வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அதை மறைப்பானேன். நான் செஞ்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். படித்து வாங்கிய வேலை, பிடித்த வேலை. அதற்கு முன் வந்த இரண்டு இடமும் கல்யாணத்துக்குப் பிறகு கடையில் நிற்கக் கூடாது என்றார்கள். ஊரே இவர்கள் குடும்ப கௌரவத்தைத்தான் என் கவுன்ட்டரில் வந்து கேட்கப்போகிற மாதிரி. திண்டிவனத்து மாப்பிள்ளை வேலைக்குப் போகட்டும் என்று முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். போட்டோவில் முகமும் நன்றாக இருந்தது. இது அமைந்துவிட வேண்டுமே என்று நான் மெய்யாகவே ஆசைப்பட்டேன்.

நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள் என்று அம்மா மத்தியானமே பழத்தை மசித்து, பால் ஊற்றி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுப் பெரிய பாத்திரத்தில் கலந்து வைத்துவிட்டாள். ஒரு வாய் பார்க்கட்டுமா என்றேன்.

"வர்றவங்களுக்கு வச்சத எச்சி பண்ணாத" என்று கையைத் தட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டில் அது சட்டம். விருந்தாளிக்குச் செய்ததை விருந்தாளி வாய் வைப்பதற்கு முன் வீட்டு மனிதர்கள் ருசி பார்க்கக் கூடாது. மோந்து பார்த்தே சர்க்கரை சொல்வாள் அம்மா.

வேன் செஞ்சிக்குள் நுழையும்போது ராகு காலம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, முடிந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராஜகிரிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டினவன்கூட அந்த மதிலை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான். நைனா இரண்டு தடவை போய் மரியாதைக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தார். நடுவில் கரன்ட் வேறு போய்விட்டது. நான் பட்டுப்புடவையில் வேர்த்து நின்றேன். பிரிட்ஜுக்குள் ஜூஸும் வேர்த்தது.

ஆறு மணி தாண்டி வந்தார்கள். பாதிதான் ஜில்லென்று இருந்த ஜூஸைத் தட்டில் வைத்து நான் நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்று வந்து போனது. பிறகு மடமடவென்று குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மாப்பிள்ளையும், அவரைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள்.

"ஜூஸ் நல்லா இருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"சூப்பரா இருக்குது" என்றார் மாப்பிள்ளை.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி இனி எங்கள் வீட்டில் தலையெடுக்காது என்று தெரிந்தது.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போவது பற்றிக் கேட்டேன்.

"தாராளமா போலாம். அம்மாவும் சரின்னுட்டாங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கி வரும்போது படியில் கால் பாவவில்லை.

அவர்கள் போனதும் பாத்திரத்தில் மிச்சம் இருந்ததை ஆசையாக ஊற்றிக் குடித்தேன். குடித்தேன் என்பது தப்பு. வாயில் வைத்ததும் வாஷ்பேசினுக்கு ஓடினேன். வேப்பங்கொழுந்தை அரைத்துச் சர்க்கரை போட்டது போல ஒரு கசப்பு. எத்தனை தடவை கொப்பளித்தும் நாக்கிலேயே நின்றது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, பால்காரன் மேல் பழியைப் போட்டாள். நான் விடவில்லை. மறுநாள் புதுப் பாலில் கலந்து உடனே குடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மீதியை இரண்டு மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தால் அதே கசப்பு. பால் பட்ட கிர்ணி காத்திருக்காது என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு ராகு காலத்தைக்கூடத் தாங்காத பழத்துக்கு இத்தனை பெருமை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று போன் வந்தது. வீடே சிரித்தது. எனக்கு மட்டும் அந்தக் கசப்பு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை மாடியில் நம்பர் கொடுத்திருந்தார், கூப்பிட்டேன்.

"நேத்து ஜூஸ் கசந்துதா இல்லையா, உண்மைய சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."



"கசந்துதுங்க. அம்மா குடிச்சாங்க, அதான் நானும் குடிச்சேன்" என்றார்.

"நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே."

"அம்மா சொன்னாங்க இல்ல."

மாடியில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. அம்மா சரி என்றால் வேலை. நாளைக்கு அந்த அம்மா வேண்டாம் என்றால் இவர் என்ன சொல்வார் என்று கேட்கவே தேவையில்லை.

வேண்டாம் என்று நைனாவிடம் சொன்னேன்.

"ஜூஸ் கசந்ததுக்கா? மரியாதை தெரிஞ்ச பையன், முகம் சுளிக்காம குடிச்சிருக்கிறான்" என்றார்.

"ஒரு டம்ளரு குடிச்சாரு, பரவால்ல. நான் ஆயுசு முழுக்க குடிக்கணும் நைனா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்தது. நான் ஆசைப்பட்ட இடம் அது. சரி, திண்டிவனத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

காரணத்தை அப்படியே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்டேன். நைனா கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஜோசியர் பொருத்தம் சரியில்லை என்கிறார் என்றார். அவர் எந்த ஜோசியரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பரவால்லைங்க, கடவுள் விட்ட வழி" என்றார் அந்த அம்மா. வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஆனா அன்னைக்கு குடுத்தீங்களே ஒரு ஜூஸு, அது ரொம்ப நல்லா இருந்துதுங்க."

நைனா சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்மா, வீட்ல சொல்றேன்" என்றார்.