பெர்க்லியில் ஒரு சீன நாடகம், பிரெஞ்சுக்காரர் திருத்தியது

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் குடியிருந்த பிளசன்டனிலிருந்து பெர்க்லிக்கு நாடகம் பார்க்கப் போனேன். நாடகப் பைத்தியமெல்லாம் இல்லை. என் எட்டு மாதப் பெண் ஆதிராவை அடுத்த வியாழக்கிழமை, கோயிலில் பழக்கமான அங்கிள், ஆன்ட்டியோடு பெரம்பலூருக்கு, மாமியாரிடம் அனுப்புவதாக முடிவாகியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீடுகளில் அப்போது இது சகஜம். அழுது வீங்கிய முகத்தோடு ஆபீஸ் போன என்னை, பக்கத்து சீட் மேய் பார்த்தாள். ஷாங்காய்க்காரி. "டிக்கெட் இருக்கு, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டப்ளின்-பிளசன்டனில் பார்ட் ரயில் ஏறி, பே ஃபேரில் ரிச்மண்ட் வண்டிக்கு மாற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாறாமல் தூங்கினால் சான் ஃபிரான்சிஸ்கோதான், எனக்கு அந்த அனுபவமும் உண்டு!

பழைய சீன நாடகத்தை இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் பிரெஞ்சில் மாற்றி எழுதியதாம். பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தில் நடித்தார்கள். சண்டையோ ரத்தமோ மேடைக்கு வராது, எல்லாம் நின்று பேசும் பேச்சுதான். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். நாட்டைப் பிடித்தவன் செத்த ராஜாவின் குழந்தையைக் கேட்கிறான். விசுவாசமான அதிகாரி ஒருவன், ராஜா குழந்தையை ஒளித்துவிட்டு, தன் பிள்ளையைக் கொடுக்கத் துணிகிறான். அடப்பாவி! அப்போது பெற்றவள் ஓடிவந்து, "அது என் பிள்ளை, தர மாட்டேன்" என்று எதிரியிடமே போட்டு உடைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசியில் இரண்டு குழந்தைகளும் பிழைத்தன.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மேய் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எங்க கதைல குழந்தை செத்துடும். அம்மாவை யாரும் கேக்கவே மாட்டாங்க" என்றாள் இங்கிலீஷில். பிறகு, "என் பையன் ஷாங்காய்ல இருக்கான். நாலு வருஷமாச்சு."

இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது!

"போன்ல பேசுவானா?"

"பேசுவான். ஆயின்னு கூப்பிடுவான்."

எனக்கு ஒரே சந்தோஷம். "எங்க ஊர்லயும் அம்மாவை ஆயின்னு சொல்வாங்க, தெரியுமா!"

மேய் நின்றுவிட்டாள். "சைனீஸ்ல ஆயின்னா அம்மா இல்ல. ஆன்ட்டி."

ஐயோ! ஸ்டேஷன் வாசலில் இருந்த பே போனுக்கு ஓடினேன்.

"பாப்பாவை அனுப்ப வேண்டாங்க."

"என்னடி உளர்ற? டிக்கெட் போட்டாச்சு. அங்கிள்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் கணவர்.

"பெத்தவ தர மாட்டேங்கறான்னு சொல்லுங்க. நான் வேலைய விட்டாலும் விடுவேன்."

பின்னால் ஆதிரா சிணுங்குவது கேட்டது.

"சரி, வா. இவ உன்னைத்தான் தேடறா" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். மேய் பின்னால் வரிசையில் நின்றிருந்தாள். ஷாங்காயில் அப்போது விடிந்திருக்கும். பெர்க்லி பக்கம் போகிறவர்கள் கையில் நிறையச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மிச்சமிருந்ததை எல்லாம் அவள் கையில் கொட்டிவிட்டேன்.