மிக்சர் உட்காரக் கற்றுக்கொண்ட வாரம்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்சர், ஹவுஸ் ஓனர் சாவித்திரி ஆன்ட்டி மேல் பாய்ந்துவிட்டது.

பதறாதீர்கள், கடிக்கவில்லை. கொஞ்சுவதற்குத்தான் பாய்ந்தது. ஆனால் ஆன்ட்டிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறார். கேட் கம்பியைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"நாய் மேல எனக்குக் கோபம் இல்ல கிரேஸ்" என்றார் என்னிடம். "ஆனா இன்னொரு ஆபரேஷன் நக்கோம்மா, வேண்டவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள ஒழுங்கா உட்காரலைன்னா, உப்பல்ல உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடு."

நியாயமான பேச்சு. ஏழாவது படிக்கும் என் மகள் ஜெரூஷாதான், மிக்சர் போனால் தானும் உப்பல் போவதாக, கோபம் வந்தால் மட்டும் பேசுகிற ஹிந்தியில் அறிவித்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்தவள் அவள். என்ன இனம் என்று கேட்காதீர்கள்... பெயரிலேயே பதில் இருக்கிறது.

மறுநாளே போவன்பள்ளியிலிருந்து ஒரு டிரெயினரை வரவழைத்தோம். மிடுக்கான மனிதர். அடிவயிற்றிலிருந்து "சிட்" என்றார். மிக்சர் உட்கார்ந்தது. என் கணவர் சாமுவேலும் உட்கார்ந்தார்.

அவர் போனதும் நானும் "சிட்" என்றேன். பந்தியில் உறவினரை உட்காரச் சொல்வது போல வந்தது குரல். மிக்சர் சந்தோஷமாக என் தோள் வரை தாவியது. கேஸ் சிலிண்டர் தாமதமாக வந்தால்கூட 'பரவாயில்லைங்க' என்கிற ஆள் நான். எனக்கு எங்கிருந்து வரும் அந்தக் குரல்?

அடுத்து சாமுவேல் களமிறங்கினார். வீடியோ பார்த்து பிஸ்கட் முறை. உட்கார்ந்தால் பிஸ்கட், உட்காராவிட்டால் கிடையாது - அதுதான் விதி. ஆனால் இவர், "பாவம்டி, முகத்தைப் பாரு" என்று உட்காராததற்கும் கொடுத்தார். வியாழக்கிழமைக்குள் மிக்சர் ஒரு பாடத்தைத் தெளிவாகக் கற்றது. சட்டைப் பையை நோக்கிக் குதித்தால் பிஸ்கட் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். பாய் விரித்து, ஒரு பாட்டு, வேத வாசிப்பு, பிறகு கண்ணை மூடி ஜெபம். தினமும் நடப்பதுதான். நான் அன்று மிக்சருக்காகத்தான் மன்றாடிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன் - ஆண்டவர் மன்னிப்பார். பாய் ஓரத்தில் மிக்சர்! பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தது.

யார் சொல்லிக் கொடுத்தது? யோசித்தால், நாங்கள்தான். வந்த புதிதில் ஜெப நேரத்திலும் எங்கள் மேல் ஏறி விளையாடியது. கண்ணை மூடியிருந்ததால் யாரும் திட்டவில்லை, கொஞ்சவும் இல்லை. சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டது. ஆமென் சொன்னதும் மூன்று பேரும் அதைத் தடவிக் கொடுப்போம். அது கணக்குப் போட்டுக்கொண்டது.

விஷயம் அவ்வளவுதான். அது குதித்தால் நாங்கள் சிலையாகிவிட வேண்டும், உட்கார்ந்தால் தடவிக் கொடுக்க வேண்டும். கத்தத் தேவையில்லை, எனக்கு வசதி. பிஸ்கட் இல்லை, சாமுவேலுக்கு வசதி. வெள்ளியும் சனியும் மாடிப்படியிலும் கேட்டிலும் பயிற்சி செய்தோம். குடும்பத்தோடு கண்ணை மூடி நின்ற எங்களைத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்த்தது. பார்க்கட்டுமே!

டிரெயினர் முறையில் தப்பே இல்லை. ஆனால் அது அவர் குரலுக்குப் பொருந்துகிற முறை. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க முடியுமா? நாய்க்குப் பொருந்தினால் மட்டும் போதாது. தினமும் அதைச் செய்யப்போகிற நமக்கும் பொருந்த வேண்டும்.

ஞாயிறு வந்தது. சர்ச்சிலிருந்து திரும்பினோம். ஆன்ட்டி வாக்கரோடு வாசலுக்கு வந்தார். "அதைப் பார்க்காதீங்க ஆன்ட்டி, கண்ணை மூடிக்கோங்க" என்றேன். பயத்தோடு மூடிக்கொண்டார். நாங்களும் மூடிக்கொண்டோம். மிக்சரின் கழுத்து வாரை மட்டும் ஒட்டப் பிடித்திருந்தேன். வார் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

கண்ணைத் திறந்தால்... ஆன்ட்டியின் காலடியில் மிக்சர் உட்கார்ந்திருக்கிறது. வால் மட்டும் தரையைப் பெருக்குகிறது. ஆன்ட்டி கையை நீட்டி அதன் தலையைத் தடவினார். ஜெரூஷா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

"இங்கயே இருக்கட்டும்" என்றார் ஆன்ட்டி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா கிரேஸ், டிவியில நியூஸ் போட்டா எங்க வீட்டு அங்கிள் ரொம்பக் குதிக்கறார். சாயங்காலத்துல அவரையும் உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

தாராளமாக அனுப்பலாம். ஜெபப் பாயில் மிக்சர் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.