மெழுகின் மேல் வைத்த பொட்டு

ரோஷன் பீயின் மரப்பட்டறை பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் பின்னால், பள்ளத்தில் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே சுவரும் வேர்க்கும். கணவர் முகம்மது கவுஸ் பெங்களூரில் பழையதாக வாங்கிவந்த இழைப்பு மிஷின்தான் பட்டறைக்கு உயிர். அவர் இறந்தபின் அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் அதன் இரும்பு மேசையில் ஒட்டிய ஈரத்தூளைத் துடைத்து, எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எங்கள் அடுப்புக்கு மரத்தூள் அள்ளப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

எண்பத்துமூன்றில் ஆயுத பூஜையன்று, மிஷின் ஓட்டும் கருப்பண்ணன் வழக்கம்போல் மேசையில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்தபின் மறுநாள் வரை யாரும் மிஷினைத் தொடுவதில்லை. வெளியே அடைமழை. மறுநாள் பொட்டுக்கு அடியில் இரும்பு சொரசொரவென்று துருப்பிடித்திருந்தது. அதில் இழைத்த தேக்குக் கதவுகளில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. கதவுகள் திரும்பி வந்தன.

அடுத்த வருஷம் பூஜைக்கு முன்பே கருப்பண்ணன் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி பொட்டு வேண்டாங்க பாயம்மா. மிஷினு கெட்டுப்போவுது."

பெயிண்ட் அடித்த பக்கத்தில் வைக்கலாமே என்றேன்.

"பெயிண்டு பக்கமா என் கை போவுது? கத்திகிட்டல்ல போவுது, பி.ஏ.காரரே" என்றார். அவருடைய ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. அவர் பேச்சில் இருந்தது பயமா, பக்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ரோஷன் பீ தச்சர் இன்னாசியிடம் கேட்டு, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை வாங்கினார். பூஜையன்று காலையில் அவற்றை வெந்நீரில் பாத்திரத்தை வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி எடுத்துவந்து மண்ணெண்ணெய் கலந்தார். மேசை முழுக்கத் தேய்த்தார். காய்ந்ததும் துணியால் மறுபடி தேய்க்கத் தேய்க்க, இரும்பில் ஜன்னல் தெரிந்தது.

மாதா மெழுகு, பாயம்மா மிஷின், கருப்பண்ணன் பொட்டு, நாளைக்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று இன்னாசி கிண்டலடித்தார்.

ரோஷன் பீ சிரிக்காமல் சந்தனக் கிண்ணத்தைக் கருப்பண்ணனிடம் நீட்டினார். "வைங்க கருப்பண்ணா. பயந்த கையோட என் மிஷின்ல நிக்க வேணாம்."

அன்றும் மழை விடவில்லை. நானாக இருந்தால் இரும்பையோ பொட்டையோ, ஏதாவது ஒன்றைத்தான் காப்பாற்றியிருப்பேன். இரண்டையும் காப்பாற்ற முடியும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தோன்றியது?

மறுநாள் காலையில் கருப்பண்ணன் பொட்டை மெல்லத் துடைத்தார். சந்தனம் அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் இரும்பு நேற்றுப் போலவே பளபளத்தது. நகமில்லாத விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

முதல் தேக்குப் பலகை இழைந்து வந்தது. ரோஷன் பீ அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை. அடுத்த பலகையைத் தானே தூக்கிக் கொடுத்தார்.