ஒரு மேசைக்கு ஒரு வயர்

தினமும் காலையில் ஒரு சீனப் பெண்மணி என் பூட்ஸுக்குக் குட்மார்னிங் சொல்கிறார். முகத்துக்குச் சொல்வதில்லை. அவர் மேல் தப்பும் இல்லை, என் முகம் அந்த நேரத்தில் கூரைக்குள் இருக்கும். இங்கே சிங்கப்பூரில் ஆபீஸ் கட்டடங்களில் நிஜக் கூரைக்குக் கீழே பலகை பலகையாக இன்னொரு பொய்க் கூரை தொங்குகிறது. ஒரு பலகையைத் தள்ளிவிட்டு, ஏணியில் நின்று, நெஞ்சு வரைக்கும் உள்ளே நுழைந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுப்பதுதான் என் பிழைப்பு. ஆக, கீழே இருப்பவர்களுக்கு நான் இரண்டு பூட்ஸ், ஒரு பேண்ட், அவ்வளவுதான். ஊரில் பால் வாங்கப் போனால்கூட மூஞ்சியைப் பார்த்து, "என்னலே, வயிறு சரியில்லையா?" என்று கேட்பார்கள். இங்கே போன வாரம் பூட்ஸுக்குப் புதுக் கயிறு மாட்டினேன். அந்தப் பெண்மணி, "நியூ ஸ்டாஃப்?" என்று கேட்டுவிட்டார். நான் கூரைக்குள்ளிருந்தே "யெஸ்" என்றேன். எதற்கு வம்பு!

எனக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. எட்டாம் வகுப்பை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "ஏலே சுடல, நானும் நீயும் சேந்தே ரிட்டயர் ஆவலாம்னு பாக்கியா?" என்று கேட்டார். அந்த மரியாதை போதும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மைக்செட் பரமசிவம் முதலாளியிடம் சேர்ந்தேன். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு எல்லாவற்றுக்கும் வேப்பமரத்திலும் லைட் கம்பத்திலும் ஏறி குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. பல வருஷம் கழித்து மெட்ராஸில் ஒரு ஏஜெண்ட், "வயரிங் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "நெட்வொர்க்?" என்றார். அது ஏதோ புது ஆம்ப்ளிஃபயர் கம்பெனி என்று நினைத்து, அதுவும் தெரியும் என்றேன். இப்படித்தான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன்.

வந்த முதல் வாரம் அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். 'இங்கே கம்ப்யூட்டருக்கு வயர் இழுக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி. அப்பா அதில் கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வயரைக் கீழே போட்டுவிட்டார். மில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், ஆற்றுப் படித்துறையில் எல்லாம் மகன் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டான். அடுத்து வந்த கடிதத்தில், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற ஒரு வீட்டார் பெண் கொடுக்க விசாரிக்கிறார்கள் என்று இருந்தது. நான் மறுத்து எழுதவில்லை. கம்ப்யூட்டரை நான் இதுவரை துணி போட்டு மூடின நிலையில்தான் பார்த்திருக்கிறேன் என்று எப்படி எழுதுவது?

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் குலசேகரன்பட்டினத்து முத்துமாலை அண்ணாச்சி. எனக்கு மூன்று வருஷம் முன்னால் வந்தவர். எங்கள் இருவருக்கும் சூப்பர்வைசர் லிம். சீனர், ஐம்பது வயது, சிரிப்பதை ஆயுதபூஜை மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள்பவர். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே உயரம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்து நிற்கும்.

முதல் மாசத்தில் ஒரு மாடியில் எனக்குத் தனியாக ஒரு பகுதியைக் கொடுத்தார். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு மேசை. மூலையில் ஒரு சின்ன அறை. எல்லா வயரும் அந்த அறைக்குப் போய்ச் சேர வேண்டும். லிம் ஒரு விரலைக் காட்டி, "ஒன் டேபிள், ஒன் கேபிள். ஸ்ட்ரெயிட் டு ரூம். கேன்?" என்றார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர் முடியாது என்று எடுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். மூன்றாம் தடவை அவருக்கே கழுத்து வலித்திருக்க வேண்டும். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வேறு கட்டடத்துக்குப் போனார். மூன்று நாள் வரவில்லை. அண்ணாச்சிக்கும் வேலை வேறு மாடியில்.

மேசைக்கு ஒரு வயர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே? எப்படிச் சேர வேண்டும் என்பது மைக்செட்காரன் பாடு. எங்கள் ஊர்க் கொடையில் கோயிலிலிருந்து ஒரே ஒரு லைன்தான் புறப்படும். முதல் வேப்பமரத்தில் ஒரு குழாய், அங்கேயே வயரைச் சீவி முறுக்கி அடுத்த மரத்துக்கு, அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. ஒரே வயரில் நாலு தெருவுக்கும் பாட்டு. குழாய்க்கு ஒரு வயர் என்று கோயிலிலிருந்து தனித்தனியாக இழுத்தால் முதலாளி அந்த வயராலேயே கட்டிவைத்து அடிப்பார். வேலை முடிந்து மிச்ச வயரைச் சுருட்டி அவர் முன்னால் போட வேண்டும். சுருள் பெரிதாக இருந்தால், "பய தேறிட்டான்வே" என்பார். நான் வாங்கின ஒரே பட்டம் அதுதான்.

அந்தப் பட்டத்தோடு வேலையை ஆரம்பித்தேன். அறையிலிருந்து வரிசைக்கு ஒரு வயர். முதல் மேசைக்கு மேலே கூரைக்குள் அதை வெட்டி, பல்லால் தோலை உரித்து, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அடுத்த மேசைக்கு, அதற்கடுத்த மேசைக்கு. ஆறு நாள் வேலை என்று கொடுத்ததை மூன்றே நாளில் முடித்தேன். பெட்டி பெட்டியாக வயர் மிச்சம். அதை வாசலுக்கு நேராக, வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கிவைத்தேன்.

சனிக்கிழமை காலை லிம் வந்தார். சின்ன அறைக்குள் தொங்கிய வயர்களை எண்ணினார்.

"வேர் அதர் கேபிள்?"

"நோ அதர், பாஸ். ஃபினிஷ்."

"ஃபினிஷ்? சிக்ஸ் ஒன்லி!"

"யெஸ் பாஸ்! சிக்ஸ் ஒன்லி!" என்று நெஞ்சை நிமிர்த்தி, மிச்சப் பெட்டிகளைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் தேறிட்டான்வே என்பதற்குச் சீனத்தில் என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

லிம் ஏணியில் ஏறி ஒரு பலகையைத் தள்ளினார். உள்ளே என் கறுப்பு டேப் உருண்டைகள் வரிசையாக, தூக்கணாங்குருவி கூடு மாதிரி தொங்கின. ரொம்ப நேரம் அவர் இறங்கவே இல்லை. அன்றைக்கு நான் அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் ஒரு சின்னச் சோதனைப் பெட்டியை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த மேசை, அதற்கும் சிவப்பு. "மண்டே ஹேண்ட்ஓவர்," என்றார். திங்கட்கிழமை அந்த மாடியை ஆபீஸ்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். பிறகு, "யூ கோ ஹோம்."

அரை நாள் லீவு கொடுக்கிறார் என்று நினைத்து, "தேங்க்யூ பாஸ்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன். அங்கே அண்ணாச்சி எதிரில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே கிறுக்கா, ஹோம்னா நம்ம ரூமு இல்லலே. திருநெவேலி ஜங்ஷன். உன் பெர்மிட்டக் கிழிச்சு பிளேன் ஏத்தப் போறாரு."

"நான் என்ன தப்பு பண்ணுனேன் அண்ணாச்சி? எவ்வளவு வயர மிச்சம் பிடிச்சிருக்கேன்!"

"உன் மைக்செட்டு நாலு தெருவுக்கும் ஒரே பாட்டத்தானல படிக்கும்? இங்கன ஒவ்வொரு மேசையும் ஒவ்வொண்ணு பேசும்லே. எல்லாத்தையும் ஒத்த வயருல விட்டா எவன் பேச்சு எவனுக்குக் கேக்கும்? நடுவுல ஒரு ஒட்டுகூட இருக்கப்புடாது."

டிபன் பாக்ஸைக் கீழே வைத்தேன். கவலை வயரைப் பற்றி அல்ல. மில் வாசலில் அப்பா எந்த முகத்தோடு நிற்பார்? கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் விசாரித்தால், இன்ஜினியர் ஏன் ஒரு மாசத்தில் திரும்பிவிட்டார் என்பதற்கு அவர் என்ன சொல்வார்?

அண்ணாச்சிக்கு அது தசரா விரத நேரம். ஊரில் என்றால் மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் கோயிலில் சேர்ப்பார். அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. சேஃப்டி சட்டைக்குள் சிவப்புப் பனியனும் கழுத்தில் மாலையுமாகத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அந்தக் கோலத்திலேயே லிம் முன்னால் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் கேட்டார். லிம் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார். "சண்டே ஒன்லி," என்றார். "டெஸ்ட் நாட் பாஸ், மண்டே ஏர்போர்ட்."

ஞாயிறு விடிந்ததும் போய்விட்டோம். ஒட்டுப் போட்டதையெல்லாம் அறுத்து எறிந்தேன். முதல் மேசை வயர் போக, வரிசைக்கு ஐந்து வீதம் முப்பது புது வயர் இழுக்க வேண்டும். ஏணியை நாலடிக்கு ஒரு தடவை நகர்த்தி நகர்த்தித் தள்ளினால் இரண்டு நாள் ஆகும். மத்தியானத்துக்குள் இரண்டு வரிசைதான் ஆகியிருந்தது. அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொண்டே பேச்சால் என்னையும் பிடித்தார்.

"குரங்கு வேசம் கட்டுனேன், கரடி கட்டுனேன், போலீசு கட்டுனேன், ஒரு வருசம் காளியும் கட்டியாச்சு. இந்த ஹெல்மெட்டு வேசந்தான் பாக்கி இருந்துது. அம்மை அதையும் குடுத்துட்டா."

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"எனக்கென்னலே, பத்து நாளு வேசம். நீ உங்க அப்பாவுக்காவ வருசம் பூரா இன்ஜினியரு வேசமில்ல கட்டுத! அது கலையாம இருக்கணும்னா பைய இறங்காத, சட்டுனு இறங்கு."

அந்த எரிச்சலில்தான் எனக்கு வேப்பமரம் ஞாபகம் வந்தது. ஊரில் மரத்துக்கு மரம் ஏறி இறங்க மாட்டோம். நூலில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேலே எறிவோம், நூல் வயரை இழுத்துக்கொள்ளும். ஒரு டேப் உருண்டையில் நூலைக் கட்டினேன். கூரைக்குள் தலையை விட்டு, குழாய்க்கும் ஏ.சி. பெட்டிக்கும் நடுவில் குறி பார்த்து எறிந்தேன். ஒரே எறியில் வரிசையின் கடைசி மேசைக்கு மேலே போய் விழுந்தது. நூலில் ஐந்து வயரையும் கட்டி இழுத்தோம். அண்ணாச்சி, "போடுலே அடுத்தத!" என்று கத்தினார். மூன்றாவது எறி போட்டுவிட்டுத் திரும்பினால், கீழே லிம் நிற்கிறார். கையில் ரொட்டிப் பொட்டலம். அண்ணாச்சி விரதம் என்று எப்படியோ புரிந்துகொண்டு, கறி இல்லாத பொட்டலமாகத் தேடி வாங்கி வந்திருந்தார். என் கையிலிருந்த உருண்டையை வாங்கித் தானும் ஒரு தடவை எறிந்து பார்த்தார். அது ஏ.சி. பெட்டியில் பட்டு அவர் ஹெல்மெட்டிலேயே வந்து விழுந்தது. அந்த வருஷத்துச் சிரிப்பை அவர் அன்றைக்குச் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் சோதனை. லிம் மேசை மேசையாக மாட்டிக்கொண்டே வர, நான் சின்ன அறையில் நின்று விளக்கைப் பார்த்தேன். பச்சை, பச்சை, பச்சை. பதினேழில் சிவப்பு. அந்த மேசைக்கு ஓடினேன். லிம் அந்த முனையைக் கழற்றிப் பார்த்தார். ஒரு கம்பி பாதி அறுந்திருந்தது, அதன் பக்கத்தில் பல் பட்ட தடம். என் வாயை விரலால் காட்டி, "திஸ் நாட் டூல்," என்றார். தன் பையிலிருந்து தோல் உரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். முனையை வெட்டி மறுபடி மாட்டினேன். பச்சை. முப்பத்தாறும் பச்சை. அதற்கப்புறம் ஒவ்வொரு வயரிலும் இரண்டு முனையிலும் ஒரே நம்பர் எழுதி ஒட்டச் சொன்னார். எந்தப் பக்கம் வெட்டுப்பட்டாலும் அது யார் என்று தெரிய வேண்டுமாம்.

அப்படியாக வேஷம் கலையவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு லீவில் போனேன். அதே மாசம் கோயில் கொடை. பரமசிவம் முதலாளி வீட்டுக்கே வந்து, "ஆள் கம்மியா இருக்குலே, ஒரு கை பிடியேன்" என்றார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய், நாலு குழாய்க்கும் கோயிலிலிருந்து நாலு வயர் தனித்தனியாக இழுத்து, எட்டு முனையிலும் நம்பர் ஒட்டினேன். முதலாளி மிச்சச் சுருளைத் தேடினார். சுருளே இல்லை.

"ஏலே, இருந்த வயரெல்லாம் எங்கலே?"

"குழாய்க்கு ஒரு வயர், மொதலாளி. அதான் முறை."

"வயர வீணாக்குததப் படிக்கவால சிங்கப்பூர் போன?" என்று தெருவே கேட்கக் கத்தினார். மரத்தடியில் யாரோ, "இன்ஜினியர் மரத்துல ஏறுதான், வந்து பாருங்கவே" என்றார்கள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். கொஞ்சம்கூட அசராமல், "செக் பண்ணுதான்" என்றார். என் புதுப்பெண்டாட்டி, அந்தக் கல்லிடைக்குறிச்சிக்காரி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தேன். "கம்ப்யூட்டர்காரருன்னா பயந்துக்கிட்டே இருந்தேன். வயர்காரருன்னா பரவால்ல" என்றிருந்தாள்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம். இந்த வருஷக் கொடைக்கு முதலாளி அந்த வயர்களை வெளியே எடுத்திருக்கிறார். நான் ஒட்டின நம்பர் அப்படியே இருக்கிறதாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நம்பர் இருந்தால் எது கோயில் முனை, எது தெரு முனை என்று எவனுக்குத் தெரியும், உன் புருஷனையே கேட்டு எழுது என்று திட்டினாராம். இங்கே வயரை மிச்சம் பிடித்ததற்குத் திட்டு, அங்கே செலவழித்ததற்குத் திட்டு. இரண்டு இடத்திலும் திட்ட ஆள் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று டீ நேரத்தில் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பதில் எழுதினேன். 'முதலாளியிடம் சொல். எந்த முனையை எங்கே மாட்டினாலும் பேசும். நடுவில் ஒட்டு மட்டும் போட வேண்டாம்.' மடித்துச் சட்டைப் பையில், லிம் கொடுத்த கத்தி பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். தலை கூரைக்குள் போனது, கால் ஆபீசில் நின்றது. கீழே யாரோ குட்மார்னிங் என்றார்கள். மத்தியானம் மூன்று மணி. புது ஆளாக இருக்கும். என் பூட்ஸ் பதில் சொல்லிக்கொள்ளும் என்று நூலை எறிந்தேன்.