அண்ணி கொண்டுவந்த மண்

ஊசி இலைகளில் ஊதா நிறமேறிய ஒரு பைனஸ் கன்று என் அண்ணியின் உள்ளங்கையில் கிடந்தது. கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தோட்டத்து நர்சரியில், பாத்தி பாத்தியாக அப்படித்தான் நின்றன. தேயிலை கைவிடப்பட்ட மலையில் நடுவதற்காக வளர்த்த கன்றுகள். உரம் போட்டோம், மறுபடியும் போட்டோம். விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. கன்று தேறாவிட்டால் நர்சரியை மூடி எல்லோரையும் கொழுந்தெடுக்க அனுப்புவதாகத் தோட்டத்துரை சொல்லியிருந்தார். நானாவது போய்விடுவேன். மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் முறிந்த அண்ணியால் இனிச் சரிவில் ஏற முடியாது. அண்ணன் இறந்துபோன பிறகு, இந்த நர்சரி வேலைதான் வீட்டை நடத்தியது.

வனத் திணைக்களத்திலிருந்து வந்த ஐயா ஒரு கன்றைப் பிடுங்கி, மொட்டையாக இருந்த வேரைக் காட்டினார். பைனஸ் தனியாகச் சாப்பிடத் தெரியாத மரம் என்றார். ஒரு வகைப் பூஞ்சை வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேருக்கு எட்டாத சத்தை மண்ணிலிருந்து இழுத்துத் தருமாம். பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்குமாம். வெளிநாட்டு மரமானதால் எங்கள் தேயிலை மண்ணில் அந்தப் பூஞ்சை இல்லை. முதிர்ந்த பைனஸ் மரத்தடி மண்ணைக் கலக்க வேண்டும், உரத்தைக் குறைக்க வேண்டும், உரம் மிஞ்சினால் பூஞ்சை வேரை அண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி நொண்டிக்கொண்டே என்னோடு வந்து, பழைய பைனஸ் மரங்களின் அடியில் மண் அள்ளினார். அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. கங்காணி பதறிவிட்டார். தேயிலை நாற்றில் பூஞ்சணம் கண்டால் மருந்தடித்துக் கொல்வதுதான் எங்கள் வழக்கம்.

"பூஞ்சணத்த நீங்களே கொண்டாந்து கொட்டுறீங்களா? நாளைக்கு எல்லாம் செத்துப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"இப்ப மட்டும் உசிரோடயா இருக்கு?" என்றார் அண்ணி.

அந்த மண்ணைப் பாத்திகளில் கலந்து, உரத்தை நிறுத்தினோம். அதன் பிறகு காத்திருப்புதான். மழை வந்து ஓய்ந்தது, கன்றுகள் அப்படியே நின்றன. கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து அண்ணி களை பிடுங்குவார். பயத்தில் நான்தான் ஒரு பிடி உரம் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள. வேல செய்யுறத வேல செய்ய விடு."

பிறகு ஒரு காலையில், பாத்தியின் ஓரத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை தெரிந்தது. நாளாக ஆக அது பரவியது. அண்ணி ஒரு கன்றை மெல்லப் பெயர்த்துப் பார்த்தார். வேர் நுனிகள் குட்டையாகக் கிளைத்து, வெள்ளை உறை போர்த்தியிருந்தன. அதைத் திரும்ப ஊன்றி மண்ணை அழுத்திவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நர்சரி மூடப்படவில்லை.

இன்று அந்த மலை முழுவதும் பைனஸ் காடு. கொழும்பிலிருந்தெல்லாம் படமெடுக்க வருகிறார்கள். போன மாதம் அண்ணியை ஆட்டோவில் கூட்டிப்போனேன். கல்யாண உடையில் ஒரு ஜோடி நின்றிருந்தது. படத்தில் விழாமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி படமெடுப்பவர் சிங்களத்தில் கேட்டார். அண்ணி என் தோளைப் பிடித்தபடி நகர்ந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா வளர்ந்திருக்காங்க, என்ன?"

"பொண்ணு மாப்பிள்ளையச் சொல்றீங்களா அண்ணி?"

"அவங்களுந்தான்" என்றார்.