உதட்டு வரிசை

சேந்தமங்கலத்தில் தண்டாயுதபாணி ஆசாரி என்றால் செம்புத் தகட்டில் கிரந்த எழுத்து வெட்டுகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மன் பீடத்துக்கு அடியில் வைக்கிற தகடு, வீட்டு நிலையில் பதிக்கிற தகடு எல்லாம் அவர் கைவேலைதான். அவர் மனைவி உண்ணாமலையை அப்படி யாருக்கும் தெரியாது. பட்டறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. ஆட்கள் வந்திருந்தால் அவள் அதைத் தாண்ட மாட்டாள். தண்ணீர் கேட்டால் சொம்பை நிலையோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

காது மட்டும் பட்டறையில்தான் இருக்கும். உளி செம்பின் மேல் நிற்கும்போதே அந்த எழுத்தை வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கோடு முடிகிறவரை, சுத்தியலின் ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிக்கொண்டே வெட்ட வேண்டும். சொல்லாமல் வெட்டினால் அந்த எழுத்து ஊமை, தகடு வெறும் செம்பு. தமிழில் ஒரு க இருக்கிற இடத்தில் கிரந்தத்தில் நான்கு இருந்தன. அக்காவில் வருகிற க ஒன்று. தங்கத்தில் வருகிற க ஒன்று. அந்த இரண்டையும் நெஞ்சிலிருந்து மூச்சைத் தள்ளிச் சொன்னால் இன்னும் இரண்டு. தகடு தொடங்கும் முன் ஆசாரி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலை வைத்து, வாயருகே பிடித்துச் சொல்லிப் பார்ப்பார். மூச்செழுத்துக்குச் சாம்பல் பறக்கும், மற்றதற்கு அசையாது. இதையெல்லாம் உண்ணாமலை கதவிடுக்கில் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், கொல்லிமலைக் காற்று ஈரமாக அடித்த ஒரு காலையில், ஆசாரியின் முகம் இடப்பக்கம் தொங்கிப்போனது. கண் மூடவில்லை. குடித்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. வைத்தியர் எண்ணெய் கொடுத்து, நாளாகும் என்றார். கஞ்சி குடிக்கும்போது உண்ணாமலை அவர் உதட்டோரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள்.

பேச்சு குழறினாலும் மற்ற எழுத்துகள் எப்படியோ வந்தன. உதடு ஒட்டிச் சொல்லும் ப வரிசைதான் வரவில்லை. உதடு ஒட்டவில்லை, காற்று ஒருபக்கமாகப் புஸ்ஸென்று ஓடியது. ஒருநாள் ஒரு சின்னத் தகட்டில் அந்த வரிசையைச் சொல்லாமலே வெட்டினார். எழுத்து அச்சுப்போல் இருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எடுத்து உலையில் போட்டுவிட்டார். கதவிடுக்கில் நின்றவளுக்கு அவர் முகத்தைவிட அந்தத் தகடு சிவந்து வளைந்ததைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

பக்கத்து ஊர்ப் பெரியவர் நாச்சிமுத்துக் கவுண்டர் தங்கள் ஊர்க்கோயிலுக்கு ஒரு பெரிய தகடு முன்பே பேசியிருந்தார். ஊர் கூடியிருக்க, அம்மன் முன்னால் உட்கார்ந்து எல்லா மெய்யெழுத்தையும் வெட்ட வேண்டும். முடியாது என்றால் வேலை திருச்செங்கோட்டு ஆசாரிக்குப் போகும். அதற்குப் பிறகு வாய் போன ஆசாரியிடம் யார் வருவார்கள்? விரலால் உதட்டைப் பிடித்தால் எழுத்து வந்துவிடுகிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஒரு கையில் உளி, மறு கையில் சுத்தியல். நான் பிடிக்கிறேன் என்று உண்ணாமலை மெல்லச் சொன்னாள்.

"போ புள்ள. பொண்டாட்டி தாங்கிப் புடிச்சு வெட்டுனான்னு ஊரே சிரிக்கும்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கஞ்சி ஊட்ட ஆள் வேண்டுமே என்றுதான் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கோயிலில் அவள் பெண்களுக்குப் பின்னால், தூணோரமாக உட்கார்ந்தாள். க வரிசையும் ச வரிசையும் போயின. நாக்கை மடித்துச் சொல்லும் ட வரிசையும், பல்லில் தட்டும் த வரிசையும் இழுத்துப் பறித்துப் போயின. அடுத்தது ப. ஆசாரி உளியை வைத்தார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு முறையும் காற்றுத்தான்.

கவுண்டரின் அக்கா பாவாயி முன்வரிசையில் இருந்தாள். "ஆசாரி வாயில துருத்தி ஊதறாப்பல இருக்குது" என்றாள். ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது.

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல ஆவாதுங்க கவுண்டரே. திருச்செங்கோட்டுக்கு ஆள் உட்டுருங்க."

கவுண்டர் பதில் சொல்லுமுன் உண்ணாமலை எழுந்துவிட்டாள். எப்படி அத்தனை பேரைத் தாண்டி வந்தாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை. ஆசாரியின் இடப்பக்கம் உட்கார்ந்து, கட்டைவிரலால் கடைவாயை அழுத்தி, மற்ற விரல்களால் தாடையைத் தாங்கினாள்.

"கூட்டத்துல புருசன் மூஞ்சியப் புடிக்கறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் பாவாயி.

உண்ணாமலை தலையைத் தூக்கவில்லை. "கஞ்சி குடிக்கறப்பவும் நான்தானுங்க புடிக்கறேன்" என்றாள். பிறகு அவரிடம், "சொல்லுங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கவுண்டர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வெட்டுங்க ஆசாரியாரே" என்றார்.

ஆசாரி சுத்தியலை எடுத்தார். ப என்றார். அப்பாவில் வருகிற ப, சுத்தமாக வந்தது. உளி இறங்கியது. அடுத்ததற்கு அவள் கட்டைவிரலில் சூடாக மூச்சு பட்டது. மூன்றாவது, கம்பில் வருகிற ப; விரலடியில் உதடு அதிர்ந்தது. நான்காவதில் அதிர்வும் சூடும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் காதால் கேட்ட நான்கும் இப்போது விரலில் தனித்தனியாக நின்றன. ம முடிந்ததும் கையை எடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று எழுத்து தள்ளி வ இருந்தது. அதற்கும் உதடு வேண்டும். கடைசி எழுத்தான ஹ வரை அவள் எடுக்கவில்லை.

மாசிக்குள் முகம் நேராகிவிட்டது. ஆசாரி பழையபடி தனியாக வெட்டினார்.

அடுத்த சித்திரையில் பாவாயி, புது வீட்டு நிலைக்குத் தகடு வேண்டுமென்று பட்டறைக்கு வந்தாள். ஆசாரி சாம்பலைப் பறக்கவிட்டுக் காட்டினார். வாய்க்கு ஒன்றும் இல்லை என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க வாயி நல்லா இருந்தா இருக்கட்டும். எங்க அம்மனுக்கு எப்படி வெட்டுனீங்களோ அப்படியே வெட்டுங்க. அந்தப் புள்ளயக் கூப்புடுங்க."

ஆசாரி கதவுப் பக்கம் பார்த்தார். உண்ணாமலை மாவுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கதவைத் தாண்டி வந்து அவர் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.